கண்ணாடிக்காகக் காத்திருந்த வரைபடங்கள்: கேமரா லென்ஸின் வரலாறு

1839-இல் பாரிஸில் டாகேரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, ஒளிப்படத்துக்கென்றே கணக்கிட்டுச் செய்த லென்ஸ் ஒன்றும் கிடையாது. ஓவியர்கள் வரைவதற்கு உதவிய இருட்டுப் பெட்டியின் லென்ஸும் தொலைநோக்கியின் லென்ஸுமே கைக்கு எட்டியவை. இருட்டுப் பெட்டிக்காக 1812-இல் ஆங்கிலேய அறிவியலர் வில்லியம் ஹைடு வொலாஸ்டன் ஒரு பிறைவடிவக் கண்ணாடியைப் பரிந்துரைத்திருந்தார். ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் புடைத்த ஒற்றை லென்ஸ் அது. குழிந்த பக்கம் காட்சியை நோக்கி இருக்கும். அதற்கு முன்னால் சிறு துளையிட்ட தகடு நிற்கும். டாகேரின் கேமராவுக்கு பாரிஸ் கருவி வணிகர் சார்ல் ஷெவாலியே செய்து கொடுத்த லென்ஸில் இரண்டு கண்ணாடிகள் ஒட்டியிருந்தன. ஆனால் அதற்கும் முன்னால் சிறு துளை வேண்டியிருந்தது. ஏறத்தாழ எஃப் 16 அளவுக்கு வாயைச் சுருக்கினால்தான் தகட்டின் ஓரம் வரை பிம்பம் தெளிந்தது.

எஃப் எண் என்பது லென்ஸின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்து வரும் எண். எண் இரு மடங்கானால் உள்ளே வரும் ஒளி நான்கில் ஒன்றாகும். எஃப் 16 துளையின் வழியே அன்றைய வெள்ளித் தகட்டில் படம் பதியப் பல நிமிடங்கள் ஆயின. மங்கிய நாளில் அரை மணியும் ஆகும். வெறிச்சோடிய தெருக்களையும் கட்டடங்களையும் எடுக்கலாம். மனித முகத்தை எடுக்க இயலாது. இன்னொரு சங்கடமும் இருந்தது. அன்றைய தகடு நீல ஒளிக்கே இசைந்தது. கண்ணோ மஞ்சளையும் பச்சையையும் கொண்டு கூர்மையை அறிகிறது. நிறத்துக்கு நிறம் குவியும் இடம் மாறுவதால், கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த இடத்தில் தகடு தெளிவாகப் பதியாது. லென்ஸைச் சற்றே நகர்த்திவைத்து எடுக்க வேண்டும்.

பிறைக் கண்ணாடி அதோடு மறைந்துவிடவில்லை. 1900-இல் ஒரு டாலர் விலையில் வந்த கோடாக் பிரௌனியில் இருந்தது அதுவே. பின்னாளில் இந்தியக் குடும்பங்கள் பலவற்றின் முதல் கேமராவாக இருந்த அக்ஃபா கிளிக் 3-இல் இருந்ததும் ஒற்றைப் பிறைதான். நல்ல வெயிலில், பத்தடி தள்ளி நிற்கும் குடும்பத்துக்கு அது போதுமானதாகவே இருந்தது.

முகத்தைப் பிடிக்கும் லென்ஸ் வியன்னாவில் பிறந்தது. அங்கே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் யோசெஃப் பெட்ஸ்வால். அன்றைய ஹங்கேரியில், இன்றைய ஸ்லோவாக்கியாவில் 1807-இல் பிறந்தவர். பாரிஸில் டாகேரின் அறிவிப்பை நேரில் கண்டு திரும்பிய சக பேராசிரியர் எட்டிங்ஸ்ஹௌஸன் இந்த வேலையை அவரிடம் சேர்த்தார். ஒளிக்கதிர் ஒவ்வொரு கண்ணாடி முகத்திலும் எவ்வளவு வளையும் என்பதை மடக்கை அட்டவணையோடு ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிட வேண்டும். லென்ஸின் ஒரு வளைவை மாற்றினால் முழுக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். ஆஸ்திரிய பீரங்கிப் படையில் குண்டு பாயும் பாதையைக் கணக்கிடப் பழகிய வீரர்கள் சிலரை, படைத் தலைவரான இளவரசர் லூட்விக் இந்தப் பணிக்குத் தந்தார்.

1840-இல் வெளிவந்தது நான்கு கண்ணாடிகள் கொண்ட எஃப் 3.6 லென்ஸ். ஷெவாலியே லென்ஸைவிட இது ஏறக்குறைய இருபது மடங்கு ஒளியை உள்ளே விட்டது. தகட்டின் வேதியியலும் அதே காலத்தில் விரைவுபட்டதால், ஒரு முகம் பதிய ஆகும் நேரம் நிமிடக் கணக்கிலிருந்து விநாடிக் கணக்குக்கு இறங்கியது. ஐரோப்பிய நகரங்களில் உருவப்பட நிலையங்கள் பெருகியதற்கு இந்த ஒரு லென்ஸின் பங்கு பெரிது. அதைச் செய்து விற்ற வியன்னா நிறுவனம் ஃபோய்க்ட்லெண்டர் வளம் கண்டது. பெட்ஸ்வாலுக்கு 2,000 கில்டர் ஒரே தொகையாகக் கிடைத்ததோடு சரி. அதனால் எழுந்த பிணக்கு தீரவே இல்லை. நிறுவனம் 1849-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகருக்குப் பெயர்ந்தது.

பெட்ஸ்வால் லென்ஸின் நடுப்பகுதி கூர்மையாக இருக்கும். ஓரம் போகப் போகக் கலங்கி, பின்னணி சுழல்வது போலத் தெரியும். காரணம், அந்த லென்ஸ் உருவாக்கும் பிம்பம் தட்டையான தளத்தில் விழாமல் கிண்ணம் போல் வளைந்த தளத்தில் விழுவது. அந்த வளைவின் அளவைச் சொல்லும் சூத்திரமும் பெட்ஸ்வாலின் பெயராலேயே வழங்குகிறது. குறையை அவர் நன்றாக அறிந்தே இருந்தார். அன்று கிடைத்த கண்ணாடியைக் கொண்டு அதைத் தீர்க்க வழியில்லை. முகம் நடுவில் இருக்கும் உருவப்படத்துக்கு இது குறையாகவே படவில்லை. திரையரங்குப் புரொஜெக்டர்களிலும் இதே வகை லென்ஸ் 20-ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் ஓடியது. அந்தச் சுழலும் பின்னணிக்காகவே 2013-இல் இந்த லென்ஸ் மறுபடி தயாரிக்கப்பட்டது.

லென்ஸின் குறைகளுக்குப் பெயரும் வரிசையும் வகுத்தவர் மியூனிக்கின் லூட்விக் ஸைடல். 1850-களின் நடுவில் அவர் ஐந்து பிறழ்ச்சிகளைப் பிரித்துக் காட்டினார். லென்ஸின் நடு வழியாக வரும் கதிரும் விளிம்பு வழியாக வரும் கதிரும் ஒரே இடத்தில் குவியாமை கோளப் பிறழ்ச்சி. ஓரத்துப் புள்ளிகள் வால்மீன் போல் நீளுவது கோமா. ஓரத்தில் நெடுக்குக் கோடும் குறுக்குக் கோடும் வெவ்வேறு தொலைவில் தெளிவது அஸ்டிக்மாட்டிசம்; மூக்குக் கண்ணாடிக் கடையில் ‘சிலிண்டர் பவர்’ என்று சொல்லப்படும் குறைக்கு இது உறவு. நான்காவது பெட்ஸ்வால் கண்ட தள வளைவு. ஐந்தாவது, நேர்கோடு வளைந்து விழும் கோணல். நிறத்தால் வரும் பிறழ்ச்சிகள் இவற்றுக்கு மேலானவை.

லென்ஸின் தரம் பற்றி இன்று பேசப்படுவதில் பெரும்பகுதி இந்தப் பட்டியலுக்குள் அடங்கும். துளையைச் சுருக்கினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை எவ்வளவு உண்மை என்பதும் இதிலிருந்தே தெரியும். எஃப் 2-இல் மென்மையாக இருக்கும் லென்ஸ் எஃப் 5.6-இல் கூர்மையாவது, கோளப் பிறழ்ச்சியும் கோமாவும் விளிம்புக் கதிர்களால் வருவதால்தான். துளை அந்தக் கதிர்களை வெட்டிவிடுகிறது. கோணலையும், ஓரத்தில் பொருள்களைச் சுற்றித் தெரியும் ஊதா, பச்சை நிறக் கரையையும் துளை தொடுவதே இல்லை. எஃப் 16, எஃப் 22 எனச் சுருக்கிக்கொண்டே போனால் சிறு துளையில் ஒளி அலையாகச் சிதறி, பெற்ற கூர்மையும் போய்விடும்.

கோணலுக்கு முதலில் வழி கிடைத்தது. ஒரே மாதிரியான இரு பாதிகளை எதிரெதிரே வைத்து நடுவில் துளையை அமைத்தால், முன்பாதி செய்யும் கோணலைப் பின்பாதி நேராக்கிவிடும். 1866-இல் லண்டனில் டால்மையரும் மியூனிக்கில் ஷ்டைன்ஹைலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இப்படிப்பட்ட லென்ஸை வெளியிட்டார்கள். எஃப் 8 அளவில் வேலை செய்த அந்த லென்ஸ் கட்டடங்களின் செங்குத்துக் கோடுகளைச் செங்குத்தாகவே காட்டியது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பொதுப் பயன்பாட்டு லென்ஸ் அதுவாகவே இருந்தது. அதற்குமேல் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை. தடை கணிதத்தில் இல்லை, கண்ணாடியில் இருந்தது.

ஒரு கண்ணாடியை லென்ஸ் செய்பவர் இரண்டு குணங்களால் அறிகிறார்: ஒளியை எவ்வளவு வளைக்கிறது, நிறங்களை எவ்வளவு பிரிக்கிறது. அன்று இருந்த வகைகள் இரண்டே. கிரௌன் கண்ணாடி குறைவாக வளைத்துக் குறைவாகப் பிரிக்கும். ஈயம் கலந்த ஃபிளிண்ட் கண்ணாடி அதிகமாக வளைத்து அதிகமாகப் பிரிக்கும். தள வளைவையும் நிறப் பிறழ்ச்சியையும் சேர்த்துத் தீர்க்க வேண்டுமானால், அதிகம் வளைத்துக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடி தேவை. அப்படி ஒன்றை உலகில் யாரும் உருக்கியதில்லை.

ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் ஸைஸ் 1846-இல் தொடங்கிய பட்டறையில் நுண்ணோக்கிகளுக்குக் கணக்கிட்டுக்கொண்டிருந்த எர்ன்ஸ்ட் ஆபெ இந்தத் தடையைக் கண்டு தவித்தவர். 1876-இல் லண்டனில் நடந்த அறிவியல் கருவிக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கையில், கருவிகளின் வருங்காலம் இனிக் கண்ணாடி உருக்குபவர் கையில்தான் என்ற கருத்தை அவர் வெளிப்படையாக முன்வைத்தார். அதற்கு விடையாக வந்தவர் வெஸ்ட்ஃபாலியாவின் விட்டன் ஊரைச் சேர்ந்த ஓட்டோ ஷோட். ஜன்னல் கண்ணாடி செய்யும் குடும்பத்தில் பிறந்து வேதியியல் படித்தவர். லித்தியம் சேர்த்து உருக்கிய கண்ணாடித் துண்டு ஒன்றை 1879-இல் ஆபெக்கு அனுப்பினார். அந்தத் துண்டு பயன்படவில்லை. கடிதத் தொடர்பு பயன்பட்டது. போரான், பேரியம், பாஸ்பரஸ் என்று ஒவ்வொரு தனிமத்தையும் சிறு சிறு அளவில் சேர்த்து உருக்கி, ஒவ்வொரு துண்டையும் ஆபெயின் அளவுகோலுக்கு அனுப்பினார் ஷோட். 1882-இல் யேனாவுக்கே குடிபெயர்ந்தார். 1884-இல் ஸைஸோடும் ஆபெயோடும் கூட்டுச் சேர்ந்து கண்ணாடி ஆய்வுக்கூடம் எழுந்தது. 1886-இல் அது வெளியிட்ட முதல் விலைப்பட்டியலில் 44 வகைக் கண்ணாடிகள் இருந்தன. அவற்றில் 19 முற்றிலும் புதியவை. பேரியம் கலந்த கிரௌன் அதிகம் வளைத்துக் குறைவாகப் பிரித்தது.

கேமரா லென்ஸின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் எது என்று கேட்டால் புகழ்பெற்ற லென்ஸ்களின் பெயர்களையே பலரும் சொல்வார்கள். உண்மையில் அந்தத் திருப்பம் யேனாவின் உலையில் நிகழ்ந்தது. அந்தப் பட்டியல் வெளிவந்து நான்கே ஆண்டுகளில் பால் ருடால்ஃப், ஆபெயின் உதவியாளர், பிற்பாடு புரோட்டார் எனப் பெயர் பெற்ற லென்ஸை ஸைஸில் வடித்தார். அதன் முன்பாதி பழைய வகைக் கண்ணாடிகளின் இணை. பின்பாதி புதிய வகைக் கண்ணாடிகளின் இணை. ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடு செய்தது. அஸ்டிக்மாட்டிசமும் தள வளைவும் சேர்ந்தே அடங்கிய லென்ஸ் அது. அனஸ்டிக்மாட் என்ற சொல் லென்ஸ் விளிம்புகளில் பொறிக்கப்படத் தொடங்கியது அதிலிருந்துதான்.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் இன்றுவரை நீடிக்கும் மூன்று வரைபடங்கள் தோன்றின. 1893-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் தொலைநோக்கி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய டென்னிஸ் டெய்லர், ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும் மூன்றே கண்ணாடிகளால் ஐந்து குறைகளையும் அடக்கினார். இரண்டு குவிலென்ஸ்களுக்கு நடுவே ஒரு குழிலென்ஸ்: இதைவிடக் குறைந்த பொருளில் இவ்வளவு சாதித்த அமைப்பு இல்லை. மலிவு விலைக் கேமராக்களை நூறாண்டுகளுக்கும் மேலாகத் தாங்கிய வடிவம் இந்த டிரிப்லெட். 1902-இல் ருடால்ஃப் டெஸ்ஸாரைப் படைத்தார். நான்கு என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். முதலில் எஃப் 6.3, பிறகு எஃப் 4.5, எஃப் 3.5, எஃப் 2.8 என வளர்ந்தது. காப்புரிமை முடிந்ததும் உலகமே அதைச் செய்தது. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்காரர்கள் திருமண வீடுகளுக்குத் தூக்கிச் சென்ற யாஷிகா மேட் இரட்டை லென்ஸ் கேமராவின் 80 மி.மீ. யாஷினானும் இதே நான்கு கண்ணாடி வடிவம்தான்.

மூன்றாவது, இவ்விரண்டுக்கும் இடையே 1896-இல் ருடால்ஃப் வரைந்த பிளானார். கணித மேதை காஸ் வடித்த தொலைநோக்கி லென்ஸ் இரண்டை எதிரெதிரே நிறுத்தியது போன்ற அமைப்பு. ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள். துளை அகலம், தளம் தட்டை, கோணல் மிகக் குறைவு. தாளில் அதற்கு நிகர் வேறில்லை. ஆனாலும் நாற்பது ஆண்டுகள் அது பெரிதாக வழங்கவில்லை. காரணம் எட்டு என்னும் எண். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு முகமும் ஒளியில் ஏறக்குறைய 5 விழுக்காட்டைத் திருப்பி எறிகிறது. நான்கு தொகுதிகளுக்கு எட்டு முகங்கள். வந்த ஒளியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போன ஒளி போனதோடு விடுவதும் இல்லை. முகங்களுக்கு இடையே மாறி மாறி எதிரொளித்துத் தகட்டின் மேல் மூட்டம் போல் படியும், கறுப்பு சாம்பலாகும். கூர்மை இருந்தும் படம் வெளிறித் தெரியும். ஆறு முகங்களே கொண்ட டெஸ்ஸாரின் படம் அதைவிடத் துல்லியமாகக் கண்ணில் பட்டது இதனால்தான்.

கூர்மை வேறு, ஒளி வேறுபாடு வேறு என்பதை லென்ஸ் வாங்குபவர்கள் இன்றும் குழப்பிக்கொள்கிறார்கள். பிளானாரின் நாற்பதாண்டுக் காத்திருப்பு அந்த வேறுபாட்டுக்குத் தெளிவான சான்று.

இடைக்காலத்தில் கேமரா சுருங்கியது. வெட்ஸ்லர் நகரின் லைட்ஸ் நிறுவனம் 1925-இல் லைகாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓஸ்கார் பார்னாக் திரைப்பட ஃபிலிமைப் பக்கவாட்டில் ஓட்டி, 24-க்கு 36 மி.மீ. சட்டம் அமைத்திருந்தார். கையளவுத் தகட்டை அப்படியே தாளில் ஒட்டி அச்செடுத்த காலத்தில் லென்ஸின் சிறு பிழை கண்ணுக்குத் தெரியாது. தபால்தலை அளவு நெகட்டிவைப் பல மடங்கு பெரிதாக்கும்போது எல்லாம் தெரிந்துவிடும். மாக்ஸ் பெரெக் கணக்கிட்ட 50 மி.மீ. எஃப் 3.5 எல்மார் அந்தச் சோதனையைத் தாங்கியது. அதே ஆண்டுகளில் டிரெஸ்டன் நகரில், இருபதுகளின் தொடக்க வயதில் இருந்த லூட்விக் பெர்ட்டெலெ, எர்னோஸ்டார் என்ற லென்ஸை எஃப் 2-க்கும் பின் எஃப் 1.8-க்கும் திறந்தார். அது பொருந்திய எர்மானாக்ஸ் கேமராவை மறைத்து எடுத்துச் சென்று, எரிக் ஸாலமோன் நீதிமன்றங்களையும் அரசியல் மாநாடுகளையும் பளிச்சொளி இல்லாமல் படம் பிடித்தார். ஒளிப்பட இதழியலின் தொடக்கங்களில் ஒன்று அது.

பெர்ட்டெலெ அடுத்து ஸைஸில் செய்தது சோனார். 1932-இல் கான்டாக்ஸ் கேமராவோடு வந்த இந்த லென்ஸில் கண்ணாடிகளுக்கு இடையே இருந்த காற்றைப் பெருமளவு எடுத்துவிட்டு, அங்கே வேறு கண்ணாடிகளை ஒட்டி நிரப்பினார். எஃப் 1.5 வடிவில் ஏழு கண்ணாடிகள், தொகுதிகள் மூன்றே, காற்றைச் சந்திக்கும் முகங்கள் ஆறே. டெஸ்ஸார் அளவு எதிரொளிப்போடு, அதைவிடப் பன்மடங்கு ஒளி. பூச்சு இல்லாத உலகத்துக்கு இதைவிடப் புத்திசாலியான விடை கிடையாது.

அந்த உலகம் சில ஆண்டுகளில் முடிந்தது. பழைய லென்ஸ்களின் மேல் காலப்போக்கில் படியும் மெல்லிய நிறத் திரையைக் களங்கம் என்று எண்ணித் தேய்த்துத் துடைப்பது வழக்கம். டிரிப்லெட்டை வடித்த அதே டென்னிஸ் டெய்லர், அப்படிக் களங்கமடைந்த லென்ஸ் புதியதைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதை 1890-களில் கவனித்திருந்தார். அமிலத்தால் அந்தத் திரையைச் செயற்கையாக உண்டாக்கியும் பார்த்தார். ஒரே சீராக வரவில்லை. 1935 நவம்பரில் ஸைஸுக்காக அலெக்சாண்டர் ஸ்மகுலா பெற்ற காப்புரிமை அதற்கு முடிவு கட்டியது. அவர் உக்ரேனியர். காற்றை அகற்றிய அறைக்குள் ஃபுளோரைடு உப்பை ஆவியாக்கி, ஒளி அலைநீளத்தின் கால் பங்குப் பருமனில் லென்ஸின் மேல் படியவைப்பது அவர் வழி. பூச்சின் மேல்முகத்தில் எதிரொளிக்கும் அலையும் அடிமுகத்தில் எதிரொளிக்கும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பச்சை நிறத்துக்கு அளவெடுத்த பூச்சில் சிவப்பும் நீலமும் சிறிது தப்பிவிடும். பழைய லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும் கத்திரிப்பூ நிறம் அதுதான். முகத்துக்கு 5 விழுக்காடாக இருந்த இழப்பு 1.5 விழுக்காட்டின் அருகே இறங்கியது. ராணுவ இருகண் நோக்கிகளுக்கென்று சில ஆண்டுகள் இது ரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது.

பூச்சு வந்ததும் பிளானார் வரைபடம் உயிர் பெற்றது. 1920-இல் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து வந்த ஓப்பிக்கும், ஸைஸின் வில்லி மெர்ட்டெ வடித்த பயோட்டாரும் ஏற்கெனவே அந்த இரு பாதிகளைச் சமச்சீர் குலைத்து எஃப் 2-க்குத் திறந்திருந்தன. போருக்குப் பின் எல்லா நிறுவனங்களும் அதையே பின்பற்றின. இன்று ஆர்வலர் வாங்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்களில் பெரும்பாலானவை ருடால்ஃபின் 1896 வரைபடத்தின் வழித்தோன்றல்கள். குறைந்த விலைக்கு வியக்கத்தக்க தரம் கிடைப்பதற்குக் காரணம், அந்த வரைபடத்தில் நூற்றாண்டுக் காலம் கழிந்த உழைப்பு. அதன் மிகத் திறந்த வடிவம், விண்வெளிப் பணிக்காக 1966-இல் ஸைஸ் செய்த 50 மி.மீ. எஃப் 0.7. மொத்தம் பத்து லென்ஸ்களே செய்யப்பட்டன. அவற்றில் மூன்றை வாங்கிய ஸ்டான்லி கூப்ரிக், 1975-இல் வந்த ‘பேரி லிண்டன்’ படத்தின் சில காட்சிகளை மெழுகுவர்த்தி ஒளியிலேயே எடுத்தார்.

இரண்டாம் உலகப் போர் யேனாவின் ஸைஸை இரண்டாகப் பிளந்தது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை நகருக்குள் வந்தது. ஜூலையில் அதை சோவியத் படையிடம் ஒப்படைக்க வேண்டும். இடைப்பட்ட வாரங்களில் ஸைஸ், ஷோட் நிறுவனங்களின் நிபுணர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் குடும்பத்தோடு மேற்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களிலிருந்து ஓபர்கோஹனில் இன்னொரு ஸைஸ் முளைத்தது. யேனாவின் எந்திரங்கள் கிழக்கே போயின. கான்டாக்ஸ் கீவ் நகரில் கீவ் என்ற பெயரில் உருவானது; சோனார் ஜூபிட்டர் ஆனது; 58 மி.மீ. எஃப் 2 பயோட்டார் ஹீலியோஸ் 44 என்ற பெயரில் ஸெனித் கேமராக்களோடு உலகெங்கும் பரவியது. பழைய லென்ஸ்களைத் தேடி வாங்கும் ஆர்வலர்கள் இன்று ஹீலியோஸில் விரும்பும் சுழல் பின்னணி, போருக்கு முந்தைய ஜெர்மன் கணக்கின் எச்சம்.

ஜப்பானின் நிப்பான் கோகாகு, அதாவது இன்றைய நிக்கான், 1917-இல் தொடங்கி, 1921-இல் ஜெர்மன் பொறியாளர்கள் எட்டுப் பேரை அழைத்துக் கற்றது. கானனின் முதல் கேமராவில் இருந்த லென்ஸும் அந்த நிறுவனத்தின் நிக்கோர்தான் என்பதைப் பலர் அறியார். 1950-இல் டோக்கியோவில் இருந்த ‘லைஃப்’ இதழ் ஒளிப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன், ஜப்பானியச் சகா ஒருவர் 85 மி.மீ. எஃப் 2 நிக்கோரால் எடுத்த படத்தைக் கண்டு, தம் கேமராக்களுக்கும் அந்த லென்ஸ்களையே வாங்கினார். அவற்றோடு கொரியப் போருக்குப் போய் அவர் அனுப்பிய படங்களின் தெளிவு நியூயார்க்கில் பேசப்பட்டது. ஜெர்மன் லென்ஸுக்கு நிகரில்லை என்ற எண்ணம் உடையத் தொடங்கியது அந்த ஆண்டில்.

லென்ஸ் வகைகளின் பெயர்கள் பெரும்பாலும் கேமரா உடலின் நெருக்கடியிலிருந்து பிறந்தவை. டெலிஃபோட்டோ என்பது தொலைவைக் காட்டும் எல்லா லென்ஸையும் குறிப்பதன்று. குவியத் தொலைவைவிடக் குட்டையான உடல் கொண்ட லென்ஸே டெலிஃபோட்டோ. முன்னே குவிலென்ஸ் தொகுதி, பின்னே குழிலென்ஸ் தொகுதி என்ற இந்த அமைப்பை 1891-இல் லண்டன், பெர்லின், மியூனிக் ஆகிய மூன்று நகரங்களில் தனித்தனியே கண்டார்கள். அதைத் திருப்பிப் போட்டது ரிஃப்ளெக்ஸ் கேமராவின் வைட் ஆங்கிள். ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே எதிரொளிக்கும் கண்ணாடிப் பலகை ஒன்று மேலே எழுந்து இறங்க வேண்டும். நிக்கானின் எஃப் மவுண்ட்டில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 46.5 மி.மீ. 28 மி.மீ. லென்ஸ் ஃபிலிமுக்கு 28 மி.மீ. அருகில் நிற்க முடியாது. 1950-இல் பாரிஸின் பியேர் ஆஞ்சனியூ முன்னால் பெரிய குழிலென்ஸை வைத்து, ரெட்ரோஃபோகஸ் என்ற பெயரில் 35 மி.மீ. எஃப் 2.5 லென்ஸை வெளியிட்டார். ஃபிலிமை ஒட்டி அமரும் சோனார் மெல்ல வழக்கொழிந்து பிளானார் குடும்பம் வென்றதற்கும் இந்தப் பலகை ஒரு காரணம்.

ஜூம் முழுக்கவும் பூச்சின் குழந்தை. நகரும் தொகுதிகள் இருப்பதால் கண்ணாடிகளை ஒட்டிச் சேர்க்க முடியாது; முகங்கள் பெருகும். இருபது முகங்கள் கொண்ட லென்ஸில் பூச்சு இல்லையென்றால் வந்த ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமே ஃபிலிமைச் சேரும், மற்றது மூட்டம். பிராங்க் பேக் வடித்து 1959-இல் ஃபோய்க்ட்லெண்டர் வெளியிட்ட 36–82 மி.மீ. ஜூமார், 35 மி.மீ. ஒளிப்படக் கேமராவுக்கு வந்த முதல் ஜூம். அதில் 14 கண்ணாடிகள். நல்ல ஜூம்கள் பெருக, 1970-களின் தொடக்கத்தில் பென்டாக்ஸும் ஸைஸும் கொண்டுவந்த பல அடுக்குப் பூச்சு வேண்டியிருந்தது. அதன் பின் ஒரு முகத்தின் இழப்பு அரை விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று.

கணக்கும் ஜூமுக்குத் தடையாக இருந்தது. பெட்ஸ்வால் காலத்து மடக்கை அட்டவணை 1950-கள் வரை மேசையிலேயே இருந்தது. லைட்ஸ் நிறுவனம் கொன்ராட் ட்சூஸெயின் இஸட் 5 கணிப்பொறியை 1953-இல் பெற்றது. ஜப்பானின் முதல் மின்னணுக் கணிப்பொறியான ஃபுஜிக் லென்ஸ் கணக்கிடவே பிறந்தது. ஃபுஜி ஃபிலிமில் ஒகாசாகி புன்ஜி ஏறக்குறையத் தனியொருவராக, 1,700 வெற்றிடக் குழாய்களைக் கோத்து 1956-இல் அதை முடித்தார்.

பொருளிலும் இரண்டு பழைய விருப்பங்கள் நிறைவேறின. ஃபுளோரைட் படிகம் நிறங்களை மிகக் குறைவாகப் பிரிக்கும் என்று கண்டு, சுவிஸ் மலைகளிலிருந்து எடுத்த இயற்கைப் படிகத்தை ஆபெ 1880-களிலேயே நுண்ணோக்கியில் வைத்திருந்தார். கேமரா லென்ஸுக்குப் போதும் அளவில் குறையில்லாத படிகம் மண்ணில் கிடைக்கவில்லை. கானன் அதைச் செயற்கையாக வளர்த்து 1969-இல் 300 மி.மீ. எஃப் 5.6 லென்ஸில் வைத்தது. வெளிர்நிற டெலி லென்ஸ்களின் விலைக்கு ஃபுளோரைட்டும் அதன் உறவான ஈடி வகைக் கண்ணாடிகளும் பெரும் காரணம். மற்றொன்று கோளமல்லாத முகம். இரண்டு பரப்புகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தேய்த்தால் இயல்பாக வருவது கோள வளைவு. வேறெந்த வளைவும் கையால் அளந்து அளந்து வர வேண்டும். 1966-இல் லைகாவின் எஃப் 1.2 நாக்டிலக்ஸ் அப்படித்தான் வெகு சிலவாகச் செய்யப்பட்டது. அச்சில் வார்க்கும் முறை 1980-களில் பரவிய பின், விலை மலிந்த கிட் லென்ஸிலும் கோளமல்லாத கண்ணாடி வந்துவிட்டது.

தரத்தை அளப்பதும் மாறியது. ஒரு மில்லிமீட்டரில் எத்தனை கோடுகளைப் பிரித்துக் காட்டுகிறது என்று எண்ணுவது பழைய முறை. பிளானாரின் வெளிறலை அது காட்டாது. இன்று நிறுவனங்கள் வெளியிடும் எம்டிஎஃப் வரைபடம், மில்லிமீட்டருக்கு 10 இணைக் கோடுகளிலும் 30 இணைக் கோடுகளிலும் கறுப்பு வெள்ளை வேறுபாடு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை நடுவிலிருந்து ஓரம் வரை வரைகிறது. முதல் வளைவு படத்தின் பளிச்சைச் சொல்லும். இரண்டாவது நுணுக்கத்தைச் சொல்லும். இரு திசைகளுக்கென வரைந்த முழுக் கோடும் புள்ளிக் கோடும் பிரிந்து போகும் இடத்தில் அஸ்டிக்மாட்டிசம் இருக்கிறது. அந்த வரைபடம் சொல்லாதவை சில உண்டு. எதிர்வெயிலில் மூட்டம் எவ்வளவு, பின்னணி எப்படிக் கரைகிறது, கையில் இருக்கும் குறிப்பிட்ட லென்ஸில் ஒரு கண்ணாடி மையம் விலகிப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பவை எடுத்துப் பார்த்தே தெரிபவை. செங்கல் சுவரை நேராக எதிர்கொண்டு, துளையை முழுதும் திறந்து எடுத்த படத்தில் ஒரு மூலை மட்டும் கலங்கினால் குற்றம் வரைபடத்தில் அன்று, பொருத்தியதில்தான்.

2008-இல் தொடங்கிய மிரர்லெஸ் கேமராக்கள் அந்தக் கண்ணாடிப் பலகையை நீக்கிவிட்டன. 46.5 மி.மீ. இடைவெளி நிக்கானின் இஸட் மவுண்ட்டில் 16 மி.மீ. ஆயிற்று. ஃபிலிமை ஒட்டி அமர்ந்த சோனாரும் அதன் சோவியத் நகல்களும் இடைவளையம் ஒன்றின் துணையோடு இவற்றில் பொருந்துகின்றன. லென்ஸ் கணக்கிடுபவருக்குக் கிடைத்த இன்னொரு விடுதலை கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள். டால்மையரும் ஷ்டைன்ஹைலும் 1866-இல் சமச்சீரால் தீர்த்த கோணலை இன்றைய வைட் ஜூம்கள் பலவற்றில் வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். படம் பதிந்த கணத்திலேயே மென்பொருள் அதை நேராக்கும்போது ஓரங்கள் சற்று இழுபடும். கோணலுக்குச் செலவாக இருந்த கண்ணாடிகள் மென்பொருளால் திருத்த இயலாத கோமாவையும் அஸ்டிக்மாட்டிசத்தையும் அடக்கப் பயன்படுகின்றன.